மெர்லினுக்கு எத்தனை இருமல்?

இந்த வருடம் அந்தப் பின் சீட்டில் உட்காரப்போவது நான்தான் என்று முடிவு செய்துவிட்டேன். முடிவை என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. அதனால்தான் அது முடிவாகவே இருந்தது.

எந்தப் பின் சீட் என்கிறீர்களா? கொஞ்சம் கிட்ட வாருங்கள், சொல்கிறேன். ஊருக்கு வெளியே பழைய விமானங்களை வைத்துப் பராமரிக்கிற பறக்கும் கிளப் ஒன்று இருக்கிறது. வருடத்துக்கு ஒருநாள் பொதுமக்களை உள்ளே விடுவார்கள். போர்க்காலத்து விமானங்கள் எல்லாம் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாகக் கிளம்பித் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு போகும். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். வருடா வருடம் வாய் நிறையத் தூசியோடு வீடு திரும்புவேன்.

இந்த வருடம் புதிதாக ஒரு போட்டி வைத்தார்கள். கண்ணைக் கட்டி நாற்காலியில் உட்கார வைப்பார்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு விமானத்தின் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துவார்கள். என்ன விமானம், எந்த நாட்டு இன்ஜின் என்று காதால் கேட்டே சொல்ல வேண்டும். ஜெயிப்பவருக்கு, இரண்டு பேர் உட்காரும் போர்விமானத்தில் பைலட்டுக்குப் பின்னால் ஒரு சீட்! வானத்தில் ஒரு ரவுண்டு!

பாடப் புத்தகத்தின் ஓரமெல்லாம் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர்விமானத்தை வரைந்து வாத்தியாரிடம் குட்டு வாங்கியவன் நான். தலையில் முடி இருந்த காலத்தில் வந்த ஆசை. முடி போய்விட்டது, ஆசை போகவில்லை. போதாக்குறைக்கு நான் செய்வது காதுக் கருவி வியாபாரம். ஊரில் பாதிப் பேருடைய காதை நான்தான் சோதித்திருக்கிறேன். காது விஷயத்தில் என்னை ஜெயிக்க ஒருவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

பிறந்துவிட்டார் என்பதுதான் சிக்கல். பிறந்து, வளர்ந்து, பல் டாக்டராகி, என் எதிர் ஃப்ளாட்டில் குடியும் வந்துவிட்டார்.

நான் பிரிட்டிஷ் இன்ஜின் கட்சி: ஸ்பிட்ஃபயருக்குள் இருக்கும், தண்ணீரில் குளிரும் மெர்லின். அவர் அமெரிக்க இன்ஜின் கட்சி: காற்றிலேயே குளிரும் பிராட் அண்ட் விட்னி. அவருடைய பால்கனிக்கும் என்னுடைய பால்கனிக்கும் நடுவே ஒரு சந்துதான். காலையில் நான் டீயோடு வெளியே வந்தால் போதும்.

"என்ன சார், உங்க மெர்லின் தண்ணி குடிச்சுதா?"

"டாக்டர், அது பன்னிரண்டு சிலிண்டர். வரிசைக்கு ஆறு. ஓடுறதில்ல டாக்டர், பாடுது! உங்க பிராட் அண்ட் விட்னி ஸ்டார்ட் பண்ணும்போதே இருமுது."

"இருமினாலும் வீடு வந்து சேரும் சார். குண்டு பட்டு ஒரு சிலிண்டர் போனாக்கூட மிச்சம் இருக்கறது இழுத்துட்டு வந்துரும். காத்து இருந்தா போதும் அதுக்கு. உங்க ஆளுக்கு ரேடியேட்டர்ல ஒரு பொத்தல் விழட்டும், கதை முடிஞ்சுது."

"அழகுன்னு ஒண்ணு இருக்கு டாக்டர். உங்க இன்ஜினோட மூஞ்சியப் பாருங்க. வட்டமா, அண்டா மாதிரி."

"அண்டாவுல ரெண்டாயிரம் குதிரை இருக்கு சார். உங்க சொம்புல எத்தனை?"

இந்த இடத்தில் நான் வழக்கமாக டீ ஆறிவிட்டதைக் கவனிப்பேன்.

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வரும். "ரெண்டு பேரும் இப்ப உள்ள போகலேன்னா ரெண்டு இன்ஜினையும் நானே கூலிங் பண்ணிருவேன். வாளியில தண்ணி ரெடியா இருக்கு."

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறாள். அந்தக் கார்களில் கற்றுக்கொடுப்பவரின் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும், தெரியுமா? ஸ்டியரிங் என்னவோ மாணவன் கையில்தான். வண்டி நிற்பது மட்டும் அவள் காலில். எங்கள் குடும்பமும் அதே மாடல்தான்.

போட்டி என்று கேள்விப்பட்டதும் நான் கதவைச் சாத்திக்கொண்டு ஒலிப்பதிவுகளைப் போட்டு என்னை நானே சோதித்துப் பார்த்தேன். சின்ன விமானம், பெரிய விமானம் எல்லாம் பிடிபட்டது. ஆனால் பாதி நேரம் பிரிட்டிஷா அமெரிக்காவா என்று தடுமாறினேன். காதுக்காரனுக்கு இது மானப் பிரச்சினை. அந்தப் பக்கம் பல் டாக்டரோ நாள் முழுக்கப் பல்லைக் குடையும் கருவியின் சத்தத்திலேயே குளிப்பவர். சுருதி பிசகினால் கண்டுபிடித்துவிடுவார்.

அப்போதுதான் அந்தத் திட்டம் உதித்தது. கண்ணைக் கட்டுவது போட்டியாளருக்குத்தானே? வேடிக்கை பார்ப்பவர்களின் கண்ணை யார் கட்டுகிறார்கள்? என் மனைவி கயிற்றுக்கு அந்தப் பக்கம் முன்வரிசையில் நிற்பாள். விமானம் அவள் கண்ணுக்குத் தெரியும். காதும் காதும் வைத்தாற்போல் எனக்கு ஒரு ஜாடை கொடுத்துவிட்டால் போதும்!

சமையலறையில் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தேன்.

"ஏமாத்துறதுக்கு ஆள் பிடிக்கிறீங்களா?" என்றாள்.

"ஏமாத்தறதில்லம்மா. குடும்ப ஒத்துழைப்பு."

"நான் என்ன பண்ணணும்?"

"இன்ஜினை நிறுத்தின உடனே கப்சிப்புனு ஆயிடும். அப்போ நீ இருமணும். பிரிட்டிஷ் இன்ஜின்னா ஒரு தடவை. அமெரிக்கன்னா ரெண்டு தடவை. அவ்வளவுதான்."

"எனக்கு எதுவுமே தெரியாதே. எது யாரோடதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

"நான் எதுக்கு இருக்கேன்? சொல்லித் தர்றேன்."

இந்த வார்த்தையை ஒரு டிரைவிங் டீச்சரிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

அன்று மாலையே வகுப்பு தொடங்கியது. படம் காட்டினேன், சத்தம் போட்டுக் காட்டினேன். அவள் முதலில் கொட்டாவி விட்டாள். பிறகு கேள்வி கேட்டாள். பதில் சொன்ன எனக்குத்தான் கொட்டாவி விட நேரமில்லை.

"தண்ணியில குளிரவைக்கிறது, காத்துல குளிரவைக்கிறது, ரெண்டுல எது நல்லது?"

"தண்ணிதான். இன்ஜினை ஒல்லியாக் கட்டலாம். விமானம் காத்தைக் கிழிச்சுட்டுப் போகும்."

"ஆனா தண்ணி லீக் ஆனா நடுவழியில நிக்கும். எங்க ஸ்கூல் பழைய கார் மாதிரி."

"நீ டாக்டர் கட்சியா?"

"நான் எந்தக் கட்சியும் இல்லீங்க. கத்துக்கறேன்."

வர வர என் உற்சாகம் கரை புரண்டது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் மனைவி நான் பேசியதைத் தொடர்ந்து ஒரு வாரம் கேட்டது இதுதான் முதல் தடவை! வாய்க்கு வந்ததையெல்லாம் அள்ளி விட்டேன்.

"மஸ்டாங்னு ஒரு அமெரிக்க விமானம் இருக்கு பாரு. முதல்ல அதுல அமெரிக்க இன்ஜினைத்தான் வெச்சாங்க. கீழ நல்லாப் பறக்கும். உயரமாப் போனா மூச்சு வாங்கும். அப்புறம் நம்ம மெர்லினை எடுத்துப் போட்டாங்க. அவ்வளவுதான், ராக்கெட்! கடைசில அமெரிக்காக்காரனே நம்ம மெர்லினை லைசன்ஸ் வாங்கி, பேக்கார்டுன்னு அவன் ஊர்க் கம்பெனியில ஆயிரக்கணக்குல செஞ்சான்னா பாத்துக்கோ!"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்போ அந்த இன்ஜின் பிரிட்டிஷா, அமெரிக்கனா?"

"டிசைன் பிரிட்டிஷ். செஞ்சது அமெரிக்கா."

"அதுக்கு எத்தனை இருமல்?"

"அதெல்லாம் போட்டியில வராது. நீ குழப்பாத."

"வந்தா?"

"வராதுன்னு சொல்றேன்ல? கடையில நாள் பூரா சத்தத்தோட மாரடிக்கிறவன் நானா நீயா?"

"கடையில எல்லார் காதையும் டெஸ்ட் பண்றீங்க. வீட்டுல நான் சொல்றது மட்டும் உங்க காதுல விழறதில்ல," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள். திரும்பியவள் நின்றாள். "சரி, தோத்துட்டா?"

"நானா? தோத்துட்டா நீ இருமினா போதும். என்ன வேலையா இருந்தாலும் ஓடி வந்து செய்யறேன். போதுமா?"

"போதும்," என்றாள். ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்த நாளும் வந்தது. வெயில், கூட்டம், பெட்ரோல் வாசனை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போட்டியை நடத்தியவர் கிளப்பின் தலைமைப் பைலட். நரைத்த முடியை ஒட்ட வெட்டிய அம்மா. அவர் குரலுக்கு மைக் தேவையில்லை. நாங்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்தோம். பக்கத்து நாற்காலியில் பல் டாக்டர்.

"பயமா இருக்கா சார்? வாயைத் திறங்க, பாக்கறேன்," என்றார்.

"காதைக் காட்டுங்க டாக்டர். அழுக்கு இருந்தா எடுத்துடலாம்," என்றேன் நான்.

கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டினார்கள். முதல் இன்ஜின் தையல் மெஷின் மாதிரி படபடத்துவிட்டு நின்றது. ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. என் பின்னாலிருந்து ஓர் இருமல். ஒன்றே ஒன்று. என் தங்கம்!

"டைகர் மாத்! பிரிட்டிஷ் இன்ஜின்!" என்று முழங்கினேன். டாக்டரும் அதையே சொன்னார். மூன்று பேர் தப்பாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

அடுத்தது பெரிய சத்தம். இடது பக்கம் ஒரு இடி, வலது பக்கம் ஒரு இடி. தொண்டையைச் செருமிக்கொண்டு கிளம்பி, நாற்காலியின் காலெல்லாம் நடுங்கும்படி ஓடி நின்றது. பின்னாலிருந்து இரண்டு இருமல்கள். "ஐயோ பாவம், இந்தாங்க மிட்டாய்," என்று யாரோ அவளுக்குக் கொடுப்பது கேட்டது.

"டகோட்டா! ரெண்டு இன்ஜின், ரெண்டும் அமெரிக்கன்!"

கைதட்டல். டாக்டரும் சரியாகச் சொல்லிவிட்டார். மற்ற எல்லோரும் காலி. மிச்சம் நாங்கள் இருவர். பிரிட்டனும் அமெரிக்காவும்.

மூன்றாவது இன்ஜின் ஓடத் தொடங்கியது. என் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது! அந்தப் பாட்டு! அந்தப் பன்னிரண்டு தொண்டைகள்! மெர்லின்! என் மெர்லின்! கட்டிய துணிக்குள் எனக்குக் கண் கலங்கியது. பொய் சொல்லவில்லை, அழுதேன். இன்ஜின் நின்றது.

பின்னாலிருந்து ஓர் இருமல்.

ஆகா, பிரிட்டிஷ்!

இன்னோர் இருமல்.

என்னது, அமெரிக்காவா?

மறுபடியும் ஓர் இருமல்.

மூன்று! மூன்று என்று ஒப்பந்தத்திலேயே இல்லையே! மூளை ராட்டினமாகச் சுற்றியது. மிட்டாய் தொண்டையில் சிக்கிவிட்டதோ? தூசியோ? மூன்றில் எந்த இருமல் என்னுடையது, எது அவளுடைய சொந்த இருமல்? சரி, அவள் கிடக்கிறாள். நான் யார்? காதுக்காரன். கேட்டது மெர்லின். மெர்லின் என்றால் ஸ்பிட்ஃபயர்.

"ஸ்பிட்ஃபயர்! பிரிட்டிஷ் இன்ஜின்!" என்று எழுந்து நின்று கத்தினேன்.

"மஸ்டாங். அமெரிக்க இன்ஜின்," என்றார் டாக்டர், நிதானமாக.

பைலட் அம்மா உதட்டைப் பிதுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அவ்வளவு நல்ல காது. "ஒருத்தருக்கு விமானமே தப்பு. ஒருத்தருக்கு இன்ஜின் பாதி தப்பு. ரெண்டு பேரும் அவுட்டு."

"எப்படி மேடம் தப்பு? அது மெர்லின்!" என்றேன்.

"எப்படி மேடம் பாதி? அது அமெரிக்காவுல செஞ்சது!" என்றார் டாக்டர்.

"டிசைன் யாருது?"

"தொழிற்சாலை யாருது?"

கண்ணைக் கட்டியபடியே கையை நீட்டி நீட்டிச் சண்டை போட்டோம். நான் ஒரு கம்பத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

"ரெண்டு பேரும் உக்காருங்க! கூட்டத்துல யாருக்காவது முழு விடை தெரியுமா? விமானம் கண்ணுக்கு முன்னாலதான் நிக்குது. அதனால பேர் மட்டும் பத்தாது, இன்ஜினோட கதையும் சொல்லணும். சொன்னா சீட்டு அவங்களுக்கு!"

"நான் சொல்றேன் மேடம்."

அந்தக் குரலை அடையாளம் காண எந்தக் கருவியும் தேவையில்லை. துணியைப் பிய்த்து எறிந்தேன். என் மனைவி கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

"விமானம் மஸ்டாங். இன்ஜின் மெர்லின். பொறந்த வீடு இங்கிலாந்து, புகுந்த வீடு அமெரிக்கா. ரோல்ஸ்-ராய்ஸ் பெத்துது, பேக்கார்டு செஞ்சு குடுத்துது. இந்த விமானத்துல முன்னாடி உள்ளூர் இன்ஜின்தான் இருந்துச்சு. கீழ பிரமாதமா சவடால் அடிக்கும், மேல போனா மூச்சு வாங்கும். இவ வந்த பிறகுதான் அந்தக் குடும்பம் உருப்பட்டுச்சு."

கூட்டம் ஆர்ப்பரித்தது. பெண்கள் பக்கத்திலிருந்து விசில் வந்தது.

"அட்சர சுத்தம்!" என்றார் பைலட் அம்மா. "உங்களுக்கு யாரும்மா இதெல்லாம் சொல்லிக் குடுத்தா?"

"இதோ, இவர்தான். என் வீட்டுக்காரர்."

"பின்ன அவர் ஏன் சொல்லல?"

"அவருக்குச் சொல்லத் தெரியும் மேடம். கேக்கத்தான் தெரியாது."

நான் அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன். "துரோகி! மூணு தடவை ஏன் இருமின?"

"ஒண்ணு பிரிட்டிஷ். ரெண்டு அமெரிக்கன். கூட்டுங்க."

கூட்டினேன். மூன்று வந்தது.

"அன்னிக்கே கேட்டேன், அதுக்கு எத்தனை இருமல்னு. வராது, குழப்பாதேன்னீங்க. வந்துச்சு. நான் குழம்பல. முதல்ல உங்களுக்குத்தான் விடையைக் குடுத்தேன். நீங்க வாங்கிக்கல."

"சரி, நடந்தது நடந்து போச்சு. சீட்டை எனக்கு விட்டுக்குடு. சின்ன வயசு ஆசைம்மா."

அவள் திரும்பி அந்த விமானத்தைப் பார்த்தாள். முகம் சிறுபிள்ளை மாதிரி ஆகிவிட்டிருந்தது.

"நான் நாள் முழுக்க அடுத்தவங்க ஓட்டுற வண்டியில உக்காந்திருக்கேங்க. எவன் எங்க போய் மோதுவானோன்னு வலது கால் எப்பவும் பிரேக் மேலயே இருக்கு. தூக்கத்துலகூட மிதிக்கிறேன். நல்லா ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தர் பின்னால, பிரேக்கே இல்லாத சீட்டுல, காலை நீட்டிட்டு ஒரே ஒரு தடவை உக்காரணும்."

தூக்கத்தில் அவள் மிதிப்பது எனக்குத் தெரியும். மிதி வாங்குபவன் நான்தானே. ஆனால் அது எதனால் என்று இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. கையை நீட்டினேன். அவள் தன் கைப்பையை அதில் மாட்டிவிட்டு ஓடினாள்.

மஸ்டாங் ஓடுபாதையில் வேகமெடுத்தது. பின் சீட்டில் ஒரு குட்டித் தலை. அப்படியே மேலே எழும்பி, திரும்பி, எங்கள் தலைக்கு மேல் தாழப் பறந்து போனது பாருங்கள்! நெஞ்சுக்குள் அந்தப் பாட்டு அதிர்ந்தது. நான் கைப்பையைச் சுழற்றிக்கொண்டு குதித்தேன். டாக்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தார்.

"உங்க இன்ஜின்தான் சார்! ஒத்துக்கறேன்!"

"இல்ல டாக்டர், உங்க ஊர்ல செஞ்சது! நானும் ஒத்துக்கறேன்!"

"வேண்டாம் சார். மேடத்தோட இன்ஜின். விட்டுருவோம்."

இறங்கி வந்தவளுக்குத் தலைமுடி நாலா பக்கமும் நின்றது. சிரிப்பை அடக்க முடியவில்லை. ஓடிப்போய் ஆசையாகக் கேட்டேன். "எப்படி இருந்துச்சு? அந்தச் சத்தம்? உள்ளேயிருந்து கேட்டா எப்படி இருக்கு?"

"என்னது? காது அடைச்சிருக்கு. நீங்க பேசுறது ஒண்ணுமே கேக்கல," என்றாள். "சுகமா இருக்கு."

இப்போதெல்லாம் காலையில் பால்கனியில் டீயோடு நிற்பது அவள். எதிரே டாக்டர். சூப்பர்சார்ஜர், ரேடியேட்டர் என்று சந்தே அதிர்கிறது. டாக்டர் இரண்டாயிரம் குதிரை என்று ஆரம்பித்தால், "குதிரை இருந்தா போதுமா டாக்டர், ஓட்டத் தெரியணும்ல?" என்கிறாள். நடுவே நானும் ஒரு கருத்துச் சொல்லலாமே என்று எட்டிப் பார்ப்பேன். அதற்குள் இருமல் வந்துவிடும்.

தோற்றால் ஓடி வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தேனே, அதை நான் மறந்துவிட்டேன், அவள் மறக்கவில்லை. ஓர் இருமல் என்றால் டீ போட வேண்டும். இரண்டு என்றால் பாத்திரம் துலக்க வேண்டும். இதோ, இதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பால்கனியிலிருந்து சத்தம் வருகிறது. ஒன்று. இரண்டு. மூன்று.

இப்போது எனக்குக் கூட்டல் நன்றாக வருகிறது. போய்விட்டு வருகிறேன்.